பழைய மாருதி 800: உரியும் பம்பர், வெளுத்த பிளாஸ்டிக், துருப்பிடித்த ரிம். எதை நானே அடிக்கலாம், எதைப் பட்டறையில் விடலாம்?

திண்டுக்கல்_800:

வணக்கம் நண்பர்களே. அப்பா ஓட்டிய மாருதி 800 இப்போது என் கையில். 2002 மாடல், ஏசி இல்லாத ஸ்டாண்டர்டு, வெள்ளை. இன்ஜின் பக்கம் ஒரு குறையும் இல்லை, ஒரே செல்ஃபில் எடுத்துவிடும், வெளியே பார்த்தால்தான் பரிதாபம். பம்பர் இரண்டும் முதலில் கறுப்பு பிளாஸ்டிக்தான். சில வருடம் முன்னால் முன்பக்கம் லேசாக இடிபட்டபோது ஊரில் ஒரு பட்டறையில் வேறு பம்பர் போட்டு, "பாடி கலரிலேயே அடித்துத் தருகிறோம், டீலக்ஸ் மாதிரி இருக்கும்" என்று வெள்ளை அடித்துக் கொடுத்தார்கள். போன மாதம் வாட்டர் வாஷ் விட்டபோது தண்ணீர் பீய்ச்சிய இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் வெங்காயச் சருகு மாதிரி உரிந்து வந்துவிட்டது. இப்போது ஓரத்தைப் பிடித்து இழுத்தால் இன்னும் வருகிறது. பட்டறையில் கேட்டால் வாட்டர் வாஷ்காரர் பிரஷர் அதிகம் வைத்துவிட்டார் என்கிறார்கள்.

பின் பம்பர் கம்பெனியில் வந்த கறுப்பு, வெயிலில் வெளுத்துச் சாம்பலாகிவிட்டது. அப்பா டேஷ்போர்டு பாலிஷ், தேங்காய் எண்ணெய், ஷூ பாலிஷ் என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் தேய்த்துப் பார்த்திருக்கிறார், எதுவும் ஒரு மழையைத் தாண்டவில்லை. ரிம் நாலிலும் துருப்புள்ளி. வைப்பர் கை, கண்ணாடிக் கூடு எல்லாம் நரைத்துவிட்டன. டிரைவர் பக்கக் கதவின் அடியில் பெயின்ட் கொப்புளம் மாதிரி எழும்பியிருக்கிறது, நகத்தால் அழுத்தினால் உள்ளே மொறுமொறுவென்று இருக்கிறது.

முழு வண்டியும் அடிக்க 35,000 ரூபாய் கேட்கிறார்கள், வண்டியை விற்றால் அதைப்போல இரண்டு மடங்கு வந்தால் அதிகம். அதனால் முழுசாக அடிக்க மனம் வரவில்லை. கழற்றி எடுக்க முடிகிற சாமான்களை மட்டும் வீட்டிலேயே ஸ்ப்ரே கேன் வைத்து அடிக்கலாமா? பம்பர் இரண்டும் வெள்ளையா, இரண்டும் கறுப்பா? கூரையை மட்டும் மேட் கறுப்பு அடித்தால் எடுப்பாக இருக்கும் என்று தம்பி சொல்கிறான். அடுத்த வருடம், 2027-ல் ஆர்சி புதுப்பிக்க வேண்டும், அதற்குள் முடிக்கணும்.

மூன்றாம்_கியர்:

கறுப்பாகவே விடுங்கள். ஸ்டாண்டர்டு 800-க்குக் கறுப்பு பம்பர்தான் அழகு, வெள்ளை அடித்தால் ஒரு வருடத்தில் ஒவ்வொரு உரசலும் கறுப்புக் கோடாகத் தெரியும், நம் ஊர்ப் பார்க்கிங்கில் உரசாத பம்பர் எங்கே இருக்கிறது? கூரைக்குக் கறுப்பு அடிக்கிற யோசனையைத் தம்பியிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏசி இல்லாத வண்டி, சித்திரை வெயில், திண்டுக்கல். மதியம் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்து பாருங்கள், அப்புறம் நீங்களே வெள்ளை அடிப்பீர்கள்.

பட்டறைக்காரன்:

நான் இதே தொழில். திண்டுக்கல் தம்பிக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் பயன்படும்.

முதலில் அந்த உரிந்த பெயின்ட் பட்டையில் ஒரு துண்டை எடுத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். அடியில் சாம்பல் நிறப் பிரைமரும் (கலருக்கு முன்னால் அடிக்கிற அடிப்பூச்சு) சேர்ந்து வந்திருந்தால், பம்பரில் வெறும் பளபளப்பான கறுப்புப் பிளாஸ்டிக் தெரிந்தால், பெயின்ட் அந்த பிளாஸ்டிக்கில் ஒரு நாளும் ஒட்டவே இல்லை என்று பொருள். பிரைமர் பம்பரிலேயே நின்று கலர் மட்டும் உரிந்திருந்தால் பிரைமரைத் தேய்க்காமல் அதன்மேலேயே கலர் அடித்திருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு வியாதி. வாட்டர் வாஷ் மேல் பழி போடுவது எங்கள் தொழிலில் வழக்கம்தான், ஆனால் ஒழுங்காக ஒட்டிய பெயின்ட் சாதாரண வாஷுக்கு இப்படிப் பட்டை பட்டையாக வராது.

பம்பரின் உள்பக்கம் தடவிப் பாருங்கள், அச்சில் எழுத்து இருக்கும். பிபி என்றோ பிபி கூட்டல் இபிடிஎம் என்றோ இருந்தால் அது பாலிபுரொப்பிலீன். அதன் மேல் எதுவும் சுலபத்தில் ஒட்டாது, பசைகூட ஒட்டாது. அதற்கென்று தனியாகப் பிளாஸ்டிக் பிரைமர் இருக்கிறது, தண்ணீர் மாதிரி மெல்லிசாக இருக்கும், நிறம் இருக்காது, இல்லாவிட்டால் லேசான வெள்ளி நிறம். அதை அடிக்காமல் நேராகச் சாதாரண பிரைமர் அடித்தால் உங்களுக்கு நடந்ததுதான் நடக்கும். ஏபிஎஸ் என்று இருந்தால் அது வேறு வகைப் பிளாஸ்டிக், அவ்வளவு கஷ்டம் இல்லை, நன்றாகத் தேய்த்தால் பிடித்துக்கொள்ளும். கிரில், கண்ணாடிக் கூடு சில வண்டிகளில் ஏபிஎஸ்.

இதில் பெரிய சிக்கல் அப்பா போட்ட டேஷ்போர்டு பாலிஷ். அதில் சிலிகான் இருக்கும், பிளாஸ்டிக்கின் நுண்துளையில் இறங்கி உட்கார்ந்திருக்கும். மேலே பெயின்ட் விழுந்ததும் அங்கங்கே பெயின்ட் விலகி வட்ட வட்டமாகக் குழி விழும், நாங்கள் ஃபிஷ் ஐ என்போம். அடிக்கும்போது கண்முன்னாலேயே நடக்கும், ஒன்றும் செய்ய முடியாது, தின்னர் போட்டுத் துடைத்து முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆகவே பின் பம்பரைச் சுடுதண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவமும் போட்டுச் சாம்பல் நிற ஸ்காட்ச் பிரைட்டால் நாலா பக்கமும் தேயுங்கள். கழுவிக் காயவைத்து, பெயின்ட் கடையில் கிடைக்கும் கிரீஸ் ரிமூவரை ஒரு துணியில் நனைத்துத் துடைத்து, அது காய்வதற்குள் இன்னொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். ஒரே துணியால் தேய்த்துக்கொண்டே இருந்தால் அழுக்கை இடம் மாற்றுகிறோம், அவ்வளவுதான். கடைசியில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டு ஓடினால் இன்னும் எண்ணெய் இருக்கிறது, ஒரே படலமாகப் படர்ந்து நின்றால் சரி.

அப்புறம் ஒன்று. கம்பெனிக் கறுப்பு பம்பரில் பொடிப்பொடியாகச் சொரசொரப்பு இருக்கும் பார்த்தீர்களா? அதன்மேல் வெள்ளை அடித்தால் அந்தச் சொரசொரப்பு அப்படியே தெரியும், மலிவாக இருக்கும். அதை மழமழப்பாக்க 180 நம்பர் உப்புத்தாள் போட்டு இழுத்தால் பிபி பிளாஸ்டிக் நார் நாராக எழும்பும், அந்த நார் பிரைமருக்கு மேலேயும் முள் முள்ளாக நிற்கும். கனமான 2கே பிரைமர் (ஹார்ட்னர் கலந்து அடிக்கிறது) அடித்து 400, 600 வாட்டர் பேப்பர் என்று இறங்கி வந்துதான் சமன் செய்ய வேண்டும், இது கம்ப்ரெசரும் ஸ்ப்ரே கன்னும் இருக்கிற இடத்து வேலை. வெள்ளைதான் வேண்டும் என்றால் பட்டறையில் கொடுங்கள், கறுப்பு என்றால் நீங்களே செய்யலாம். சொரசொரப்போடு இருக்கிற அரைப் பளபளப்புக் கறுப்பில் குறை தெரியாது.

திண்டுக்கல்_800:

அண்ணே, மிக்க நன்றி. பட்டையைத் திருப்பிப் பார்த்தேன், அடியில் சாம்பல் நிறம் ஒட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறது. உள்பக்கம் பிபி என்று இரண்டு அம்புக்குறிக்கு நடுவில் எழுதியிருக்கிறது. அப்போ பிரைமரே பிடிக்கவில்லை என்பது உறுதி. கறுப்புக்கே திரும்பிவிடலாம் என்று முடிவு. முன் பம்பரில் மிச்சம் இருக்கிற வெள்ளையை எப்படி எடுப்பது? பெயின்ட் ரிமூவர் போடலாமா?

பட்டறைக்காரன்:

பிளாஸ்டிக்கில் ரிமூவர் வேண்டாம் தம்பி. அது இரும்புக்கு. சில பிளாஸ்டிக் மெத்து மெத்தென்று ஆகிவிடும், மேலே புதுப் பெயின்ட் நிற்காது. உங்கள் பம்பரில் ஒட்டவே இல்லையே, அதே வாட்டர் வாஷ் கடைக்குக் கொண்டுபோய் ஓரத்தில் இருந்து பைப்பைச் சாய்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள், முக்கால்வாசி பறந்துவிடும். மிச்சத்தைப் பிளாஸ்டிக் பிளேடால் சுரண்டுங்கள், இரும்பு பிளேடு கீறிவிடும், கீறல் கறுப்பில் வெயில் படும்போது தெரியும்.

உக்கடம்_ரைடர்:

ரிம் விஷயத்துக்கு வருகிறேன். 12 இன்ச் ஸ்டீல் ரிம், டயர் 145/70 ஆர்12. டயரைக் கழற்றாமலே அடிக்கலாம். காற்றைப் பாதி இறக்கி, பழைய விசிட்டிங் கார்டுகளை ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் சுற்றிலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறினாற்போல் சொருகிவிட்டால் டயரில் ஒரு சொட்டு விழாது. வால்வை மறந்துவிடாமல் டேப் சுற்றுங்கள்.

துருவை ஒயர் பிரஷ் போட்டு எடுத்து, பளிச்சென்று இரும்பு தெரிகிற இடத்தில் எபாக்ஸி பிரைமர், அப்புறம் கலர். நான் கன்மெட்டல் சாம்பல் அடித்திருக்கிறேன், பிரேக் தூசி தெரியாது. கறுப்பு அடித்தால் கறுப்பு பம்பரோடு ஒத்துப்போகும், ஆனால் வீல் கப் இல்லாமல் சக்கரம் இருக்கிற இடமே இருட்டாகத் தெரியும், உங்கள் விருப்பம்.

இரண்டே இடத்தில் மட்டும் பெயின்ட் கனமாக விழக்கூடாது. ரிம் போய் ஹப்பில் உட்காருகிற பின்முகம் ஒன்று, வீல் நட் உட்காருகிற கூம்பு ஒன்று. அங்கே பெயின்ட் தடித்து இருந்தால் நட்டை இறுக்கும்போது இறுகின மாதிரி இருக்கும், ஓடி ஓடிப் பெயின்ட் நசுங்கியதும் நட் தளர்ந்துவிடும். அதனால் அந்த இடத்தை டேப் போட்டு மறைத்துவிடுங்கள், மாட்டியபின் ஒரு 50, 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி எல்லா நட்டையும் இறுக்கிப் பாருங்கள்.

காசு கொஞ்சம் கூடுதல் ஆனாலும் பரவாயில்லை என்றால் பவுடர் கோட்டிங். கேட், ஜன்னல் கிரில்லுக்குப் போடுகிறவர்களே போட்டுத் தருவார்கள், சாண்ட் பிளாஸ்ட் செய்து துருவை வேரோடு எடுத்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். அடுப்பில் 180, 200 டிகிரி வைப்பார்கள், அதனால் டயர், வால்வு, பேலன்ஸ் வெயிட் எல்லாம் கழற்றிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், முடிந்ததும் பேலன்சிங் பார்க்க வேண்டும். இதிலும் நட் கூம்பை மறைக்கச் சொல்லிவிட்டு வாருங்கள், சொல்லாவிட்டால் கனமாகப் பூசித்தான் தருவார்கள்.

ஹீட்_கன்:

எதற்கு இவ்வளவு பாடு? வெளுத்த பிளாஸ்டிக்கை ஹீட் கன் வைத்துச் சூடு காட்டுங்கள், உள்ளே இருக்கிற எண்ணெய் மேலே வந்து ஜம்மென்று கறுப்பாகிவிடும். பெயின்டே வேண்டாம். வீடியோவில் பார்த்திருப்பீர்கள்.

பட்டறைக்காரன்:

கறுப்பாகும், பொய் இல்லை. சில மாதம் இருக்கும். வெயிலில் சிதைந்துபோன மேல்தோல் அங்கேயேதான் இருக்கிறது, அதனால் மறுபடி வெளுக்கும். ஒவ்வொரு முறை சூடு காட்டும்போதும் பிளாஸ்டிக் இன்னும் காய்ந்து நொறுங்குகிற பக்கம் போகும். வண்டியை விற்கப் போகிறவர்களுக்கு நல்ல வழி, வைத்துக்கொள்ளப் போகிறவருக்கு இல்லை. ஒரே இடத்தில் பிடித்தால் பம்பர் தொங்கிவிடும், அது வேறு.

சாலை_விதி:

ஆர்சி புதுப்பிப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதில் கொஞ்சம் தெளிவு வேண்டும். ஆர்சியில் நிறம் எழுதியிருக்கும். பம்பர், ரிம், கண்ணாடிக் கூடு, வைப்பர் இவற்றை நிறம் மாற்றினால் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. வண்டியின் நிறத்தையே மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி முன்கூட்டியே ஆர்டிஓ அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்து ஆர்சியில் ஏற்ற வேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்ல வேண்டும். கூரையும் பானட்டும் கறுப்பு என்றால் பார்க்கிற அதிகாரியைப் பொறுத்தது, பழைய வண்டியோடு எஃப்சிக்கு (தகுதிச் சான்று) போய் நின்றுகொண்டு அந்த வாக்குவாதம் தேவையா என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஆர்சி புதுப்பிக்கிற கட்டணம் வேறு ஏறியிருக்கிறது, 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 5,000 ஆனது, 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். உங்கள் வண்டி அந்தக் கணக்கில்தான் வரும்.

தம்பி இன்னொரு யோசனையோடு வருவதற்குள் இதையும் சொல்லிவிடுகிறேன்: மிலிட்டரி பச்சை அடிக்கக்கூடாது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 121-வது விதியில் ஆலிவ் பச்சை ராணுவ வண்டிகளுக்கு மட்டும் என்று இருக்கிறது. ஜீப்காரர்கள் பலர் இதில்தான் மாட்டுகிறார்கள். பம்பரைப் பாதுகாக்க முன்னால் இரும்பு கார்டு மாட்டச் சொல்லி யாராவது சொன்னாலும் வேண்டாம், 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதைச் சட்ட விரோதம் என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

பம்பரைக் கழற்றும்போது நம்பர் பிளேட் எச்எஸ்ஆர்பி-யா (உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்) என்று பாருங்கள். அதன் ஸ்னாப் லாக் ஒரு தடவைதான், உடைத்தால்தான் வரும், வேறு ஆணி போட்டு மாட்டினால் செல்லாது. பம்பரில் பிளேட் இருந்தால் அதைக் கழற்றாமல் பேப்பரும் டேப்பும் போட்டு மூடிவிட்டு அடிப்பது நல்லது.

புதுப்பேட்டை_பார்ட்ஸ்:

எல்லாரும் பம்பரையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள், அந்தக் கதவுக் கொப்புளத்தை யாரும் கண்டுகொள்ளவில்லையே. நகம் வைத்தால் மொறுமொறு என்றால் தகடு உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வந்திருக்கிறது. மேலே என்ன பெயின்ட் அடித்தாலும் அடுத்த மழைக்காலத்தில் திரும்ப எழும்பும்.

800-இல் துரு பிடிக்கிற இடம் எல்லாம் எனக்கு மனப்பாடம். கதவின் அடி மடிப்பு, பின்சக்கர வளைவின் உதடு, முன்கண்ணாடி ரப்பர் பீடிங்குக்குக் கீழே, பேட்டரி தட்டு, முன்சீட்டுப் பக்கம் தரையில் விரிக்கிற மேட்டுக்கு அடியில் தரை. மேட்டைத் தூக்கிப் பாருங்கள், ஈரம் இருந்தால் கண்ணாடி பீடிங்கில் ஒழுகல். கதவுக்கு அடியில் நீளவாக்கில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், மழைத்தண்ணீர் வடிவதற்கு. அவை சேறு அடைத்துக்கொண்டால் தண்ணீர் கதவுக்குள்ளேயே நிற்கும். கம்பி விட்டுக் குத்தி எடுங்கள், முதலில் அது. சில பட்டறையில் பட்டி போட்டு அந்த ஓட்டையையும் சேர்த்து அடைத்துவிடுவார்கள், பார்க்க வழவழவென்று இருக்கும்.

பம்பர் ரொம்பப் போய்விட்டது என்றால் பழைய சாமான் மார்க்கெட்டில் தேடுங்கள். சென்னை வந்தால் புதுப்பேட்டை, கோவை பக்கம் என்றால் உக்கடம். 800-இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது, ஆனால் ஓடின வண்டி லட்சக்கணக்கில், அதனால் சாமானுக்குப் பஞ்சம் இல்லை. வெள்ளை அடித்த பம்பர் வாங்காதீர்கள், அடியில் எத்தனை உடைசலை ஒட்டியிருக்கிறார்கள் என்று தெரியாது. அடிக்காத கறுப்பாகப் பார்த்து எடுங்கள்.

பட்டறைக்காரன்:

புதுப்பேட்டைக்காரர் சொல்வது சரி. கதவு வேலை டிங்கர் வேலை, ஸ்ப்ரே கேன் வேலை இல்லை. அரித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டு பண்ணி, இரு பக்கமும் எபாக்ஸி பிரைமர் அடிக்க வேண்டும். கொடுக்கிற இடத்தில் ஒரு விஷயம் கேளுங்கள், பட்டியை எதன்மேல் போடுவீர்கள், எப்படித் தேய்ப்பீர்கள் என்று. வெறும் இரும்பில் பட்டி போட்டு, பக்கத்தில் வாளி வைத்துத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது நம் ஊரில் ரொம்பக் காலப் பழக்கம், தூசி பறக்காது என்பதற்காக. பட்டி தண்ணீரைக் குடிக்கும். அந்தத் தண்ணீர் உள்ளேயே இருந்து இரும்பைத் துருவாக்கும், பெயின்ட் அடித்துக் கொடுத்தபோது கண்ணாடி மாதிரி இருந்த வண்டி மறு வருடம் கொப்புளம் போடுவது இதனால்தான். எபாக்ஸிக்கு மேல் பட்டி, உலர்வாகத் தேய்த்தல், அதுக்கும் மேல் பிரைமர் வந்த பிறகு வேண்டுமானால் வாட்டர் பேப்பர். இந்த ஒன்றைக் கேட்டாலே அந்த ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும்.

வெள்ளை கலர் சேர்ப்பது இன்னொரு தலைவலி. இன்ஜின் அறைத் தகட்டில் கலர் கோடு இருக்கும், மாருதி சுப்பீரியர் ஒயிட் என்றால் 26யூ. அந்தக் கோடு சொல்லிக் கலந்து வாங்கி அடித்தால் புதுக் கதவு மட்டும் நீலம் பூத்த வெள்ளையாக, பக்கத்து ஃபெண்டர் பால் வெள்ளையாக நிற்கும், ஏனென்றால் இருபது வருட வெயிலில் உங்கள் வெள்ளை மஞ்சள் பக்கம் சாய்ந்திருக்கும். முதலில் ஃபெண்டரை ரப்பிங் (தேய்த்துப் பளபளப்பாக்குகிற பசை) போட்டுச் சுத்தம் செய்து உண்மை நிறத்தைக் காட்டுங்கள், அதற்கு ஏற்றாற்போல் மஞ்சளும் கறுப்பும் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக் கலந்து, ஒரு தகட்டில் அடித்துக் காயவைத்து, வெயிலில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்த்து ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ரப்பிங் போடும்போது துணியில் வெள்ளையாக ஒட்டுகிறதா பாருங்கள். ஒட்டினால் மேலே கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) இல்லாத ஒற்றைப் பூச்சுப் பெயின்ட், நன்றாகப் பளபளப்பு திரும்பும். மூலை முடுக்கு, கதவு விளிம்பில் மட்டும் அழுத்தாதீர்கள், அங்கே பெயின்ட் மெல்லிசு. பாதி வண்டி இப்படி ரப்பிங்கிலேயே உயிர் பெற்றுவிடும், 35,000 தேவைப்படாது.

ஸ்ப்ரே_கேன்:

ஒரு சந்தேகம், அண்ணே. கேன்லயே ஹார்ட்னர் வைத்த 2கே கிளியர் வருகிறது, அடியில் ஒரு பட்டனை அழுத்தினால் உள்ளே கலந்துவிடும். வீட்டில் அதை அடிக்கலாமா? சாதாரண கேன் பெயின்ட் பெட்ரோல் பட்டாலே கரைந்து வருகிறதே.

பட்டறைக்காரன்:

அடிக்கலாம், ஆனால் அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம், ஒரு தடவை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால் பிறகு கொஞ்சம் வாசனை பட்டாலே மூச்சு இழுக்கும், இந்தத் தொழிலை விட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். பச்சைத் துணியோ கொரோனா மாஸ்க்கோ இதைத் தடுக்காது. பட்டறையிலேயே வெளிக்காற்று பைப்பில் வருகிற மாஸ்க் போட்டுத்தான் அடிக்க வேண்டும், எத்தனை பேர் போடுகிறார்கள் என்பது வேறு கதை. குழந்தைகள் இருக்கிற வீட்டுக் கார் ஷெட்டில் 2கே வேண்டாம் என்பேன். பம்பர் கறுப்புக்குச் சாதாரண கேன் போதும், கரி ஃபில்டர் மாஸ்க் போட்டுக்கொண்டு திறந்தவெளியில் அடியுங்கள். கிளியரே தேவை இல்லை, பம்பருக்குப் பளபளப்பு எதற்கு? பெட்ரோல் மூடிக்குப் பக்கத்தில் மட்டும் கேன் பெயின்ட் வேலைக்கு ஆகாது.

பழைய பெயின்ட் மேல் அடிக்கிறவர்கள் ஒரு மூலையில் தின்னர் தொட்ட துணியைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பாருங்கள். நிறம் துணியில் ஏறினால் அடியில் இருப்பது என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட்டோ கேன் பெயின்ட்டோதான். அதன்மேல் 2கே போட்டால் தோல் சுருங்கின மாதிரி மடிந்துகொள்ளும், முழுக்க எடுத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும்.

திண்டுக்கல்_800:

எல்லாருக்கும் நன்றி. கணக்கு இப்படிப் போட்டிருக்கிறேன்: பம்பர் இரண்டும் கறுப்பு, வீட்டில். வைப்பர் கை, கண்ணாடிக் கூடு அதோடு சேர்த்து. ரிம் பவுடர் கோட்டிங், கன்மெட்டல், கொடுத்து வாங்குகிற வரை ஸ்டெப்னியை மாற்றி மாற்றிப் போட்டு ஒவ்வொன்றாகச் செய்வேன். கதவு மட்டும் டிங்கரிடம். மேட்டைத் தூக்கிப் பார்த்தேன், தரை காய்ந்துதான் இருக்கிறது, நல்லவேளை. கதவு ஓட்டையில் கம்பி விட்டதும் ஒரு கைப்பிடி கறுப்புச் சேறு வந்தது. கூரை வெள்ளையாகவே இருக்கும், தம்பி கோபத்தில் இருக்கிறான்.

கடைசியாக ஒன்று: இப்போது ஐப்பசி, இங்கே தினமும் தூறல். இந்த ஈரத்தில் அடிக்கலாமா, பொறுக்கவா?

பட்டறைக்காரன்:

பொறுத்துக்கொள்ளுங்கள். ஈரக்காற்றில் தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் பெயின்ட் மேலேயே படியும், கறுப்பு வெள்ளை பூத்துக்கொள்ளும். வெள்ளை வண்டியில் தெரியாது, கறுப்பு பம்பரில் நன்றாகவே தெரியும். மார்கழியில் பனி இருக்கும். பொங்கல் கழிந்து தை, மாசியில் காலை எட்டு மணிக்கு மேல் பதினொன்றுக்குள் அடியுங்கள். பங்குனி தாண்டிவிட்டால் வெயிலில் பெயின்ட் பம்பரில் விழுவதற்கு முன்னாலேயே காய்ந்து பொடியாக உட்காரும், கை வைத்தால் மணல் மாதிரி. அதுவரைக்கும் கழுவுகிற வேலை, சுரண்டுகிற வேலை, கதவு வேலை எல்லாம் முடித்துவிடலாமே.

அடிக்கும்போது தரையில் தண்ணீர் தெளித்துவிடுங்கள், தூசி எழும்பாது. கேனைக் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து எடுத்து நன்றாகக் குலுக்குங்கள், கொதிநீர் வேண்டாம். பிளாஸ்டிக் பிரைமர் ஒரே மெல்லிய கோட், டப்பாவில் போட்டிருக்கிற நேரத்துக்குள் கலரை ஆரம்பித்துவிட வேண்டும், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அது செத்துவிடும். கலர் மூன்று மெல்லிய கோட், நடுவில் பத்து, பதினைந்து நிமிடம். ஒரு சாண் தூரத்தில் பிடித்து, பம்பருக்கு வெளியே ஆரம்பித்து வெளியே முடியுங்கள், நடுவில் நிறுத்தினால் அங்கே ஒழுகும். முதலில் பம்பரின் உள்பக்கத்தில் ஒரு கையளவு அடித்துக் காயவிட்டு, பிளேடால் கட்டம் கட்டமாகக் கீறி டேப் ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். கட்டம் ஒன்றுகூட டேப்போடு வரக்கூடாது. வந்தால் இன்னும் கழுவ வேண்டும், வெளிப்பக்கம் ஆரம்பிக்காதீர்கள். மாஸ்கிங் டேப்பைக் கலர் முழுசாகக் காய்வதற்குள் பின்பக்கமாக மடக்கி மெதுவாக எடுத்துவிடுங்கள், மறுநாள் எடுத்தால் ஓரத்தில் பெயின்ட்டையும் கிழித்துக்கொண்டு வரும். மாட்டியபின் ஒரு மாதம் வாட்டர் வாஷ் பக்கம் போக வேண்டாம், வாளித் தண்ணீரும் துணியும் போதும்.